சங்கத்தில் சேர்ந்த பாம்புகள்

மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கற்கோயிலைப் பார்த்து, கடலில் காலை நனைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அன்று கடற்கரை மணலில் வேறொரு காட்சியும் உண்டு. செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் இருளர் குடும்பங்கள் வந்து, சேலைகளைக் கட்டிச் சிறு கூடாரங்கள் போட்டுத் தங்குகின்றன. மணலிலேயே படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, கல்யாணம் எல்லாம் அங்கேயே. இரண்டொரு நாளில் கூடாரங்கள் மறைந்துவிடும். மற்றப் பதினொரு மாதமும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எதைக் கொண்டு ஜீவிக்கிறார்கள் என்று விசாரித்தவர்கள் நம்மில் மிகவும் சொற்பம்.

சமூகப் பிரச்னைகளுக்குப் புதிய வழி காண வேண்டும் என்று பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். புதிய வழி என்றால் புதிய கமிட்டி என்று அர்த்தமாகி வெகு காலமாகிவிட்டது. அப்படியின்றி, தீராத சிக்கல் ஒன்றை உண்மையாகவே ஒரு புதிய யோசனை கொஞ்சம் தளர்த்திய கதை நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. அதைச் சொல்லவே இவ்வாரம் இருளர்களை எடுத்துக்கொண்டோம்.

ஒரு காலத்தில் இருளர்களின் முக்கியமான வருமானம் பாம்புத் தோல். அவர்கள் பிடித்துக் கொடுத்த தோல்கள் வியாபாரிகள் கைக்குப் போய், சென்னைத் தோல் பதனிடும் சாலைகள் வழியாகக் கப்பலேறி, மேல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைகளும் பாதரட்சைகளும் ஆயின. லாபம் எங்கே நின்றது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்தவனுக்குக் கஞ்சிக்குக் காணும்படி ஏதோ கிடைத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. சட்டம் நியாயமானதுதான். எலிகளைத் தின்று வயலைக் காக்கும் பிராணியை லட்சக்கணக்கில் கொன்று குவித்தால் விளைச்சல் என்னவாகும்? ஆனால் சட்டம் எழுதியவர்கள் பாம்பை நினைத்த அளவு, பாம்பு பிடிக்கிறவனின் அடுப்பை நினைக்கவில்லை. நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று. மாற்றுத் தொழில் யாதொன்றும் காட்டப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ரோமுலஸ் விட்டேகர் என்பவர் குறுக்கிட்டார். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். சென்னையில் பாம்புப் பண்ணையையும், 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் நிறுவியவர். பாம்புகளைப் பற்றி இருளர்களிடமே பாடம் கேட்டவர். அவரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். தோலுக்காகப் பாம்பை ஒரே ஒரு தரம்தான் விற்கலாம். விஷத்துக்காக என்றால், பாம்பும் பிழைக்கும், பிடித்தவனும் பிழைப்பான், கடிபட்டவனும் பிழைக்க வழியுண்டு. யோசனையின் சூட்சுமம் இவ்வளவே.

வேலை நடக்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்லலாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கைத்தான் சங்கம் வாங்குகிறது. ஒவ்வொரு பாம்பும் மண் பானையில், வாயில் துணி கட்டி, நிழலில் வைக்கப்படுகிறது. சுமார் மூன்று வார காலம் அது சங்கத்தின் விருந்தாளி. அதற்குள் நாலு தரம் விஷம் எடுக்கப்படும். மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் கிண்ணத்தை அது கடிக்கும்போது சில சொட்டுகள் உள்ளே விழும், அவ்வளவுதான். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். விட்டதையே மறுநாள் பிடித்துக்கொண்டு வந்தால் அந்த அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும்! சேர்ந்த விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, கிராம் கணக்கில் மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். சுருட்டை விரியன் கொடுப்பது மிகவும் கொஞ்சம். ஒரு கிராம் சேர நூற்றுக்கணக்கான தடவை எடுக்க வேண்டும். கம்பெனிகள் அந்தப் பொடியை மிகச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்து மருந்தாக்குகின்றன. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் இந்தப் பானைகளிலிருந்தே வந்திருக்கிறது.

இதன் முக்கியத்துவம் ஒரு கணக்கைச் சொன்னால் விளங்கும். 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர்; வருஷத்துக்குச் சராசரி 58,000. மாண்டவர்களில் அநேகர் கிராமவாசிகள். இவ்விடத்தில் உபாத்தியாயர் என்ற முறையில் ஒரு வார்த்தை. கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மந்திரிக்கப் போகும் அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

சங்கம் வந்ததால் இருளர்களின் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். சங்கத்தின் அங்கத்தினர் சில நூறு பேர். 2011 ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டு இருளர்களோ சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்தும், முன்பணம் வாங்கிய குற்றத்துக்காக அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் அதற்குப் பிறகும் பல தடவை மீட்கப்பட்டிருக்கின்றன. சாதிச் சான்றிதழ் வாங்குவது மற்றொரு பிரயாணம். நம் வகுப்புப் பையன் ஒருவனுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். "இருளன் என்கிறாயே, பாம்பு பிடித்துக் காட்டு, பார்க்கலாம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. உரிமமில்லாமல் பாம்பு பிடிப்பது குற்றம். பிடிக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. பையன் எட்டாம் வகுப்பு. பாம்பைச் சித்திரத்திலும் சங்கத்துப் பானையிலும் மட்டுமே பார்த்தவன்.

தேர்ந்த இருளன் ஒருவன் மணலில் பதிந்த தடத்தைப் பார்த்து, போனது எந்தப் பாம்பு, எந்தத் திசையில் போயிற்று என்று சொல்லிவிடுவான். சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற நமக்கு அந்தத் தடம் கண்ணிலேயே படாது. 2017-ல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துக்கு இந்தக் கலை தேவைப்பட்டது. வீட்டில் வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சதுப்புக் காடுகளில் பெருகி, முயல்களையும் சிறு பிராணிகளையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. யந்திர சாதனங்களும் மோப்ப நாய்களும் போதாமற்போகவே, நம் ஜில்லாவிலிருந்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் கப்பலில் அல்ல, விமானத்தில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். முதற் சில வாரங்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023-ல் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விட்டேகருக்கு அவ்விருது 2018-லேயே கிடைத்திருந்தது. குருமார்களுக்கு ஐந்து வருஷம் பின்னால் கிடைத்தது.

இப்போது விஞ்ஞானிகள் இன்னொரு விஷயம் சொல்கிறார்கள். ஒரே ஜாதிப் பாம்பின் விஷமே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. தெற்கத்திப் பாம்பின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து, வடக்கேயும் மேற்கேயும் சில இடங்களில் போதிய பலன் தருவதில்லை என்று பெங்களூர் விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சி 2019-ல் காட்டியது. ஆகவே மற்றப் பிரதேசங்களிலும் விஷம் சேகரிக்க வேண்டும். வடநெம்மேலியில் பழகியவர்களை அங்கெல்லாம் அனுப்பி, ஆங்காங்குள்ள பழங்குடிகளுக்குக் கற்பிக்கச் செய்யலாம். உபாத்தியாயர் சம்பளமும் கொடுக்கலாம்.

அது பிந்தி நடக்கட்டும். முந்திச் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்குச் சங்கம் சர்க்காரின் உத்தரவை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். உத்தரவு தாமதப்பட்டால் பிடிக்கும் பருவம் கழிந்து போகிறது. பானைகள் காலியாகக் கிடக்கின்றன. அங்கத்தினர்கள் மறுபடி கூலிக்குப் போகிறார்கள். அடுத்த பருவத்துக்கான உத்தரவு நடப்புப் பருவம் முடியுமுன்பே சங்கத்தின் கைக்கு வந்து சேர வேண்டும். சர்க்காருக்கு இதில் காலணா செலவில்லை.