கடிதக் காசில் போன குட்டான்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஓலை இழைக்கிற, துணி தைக்கிற, வெளிநாட்டுக்குச் சின்னச் சாமான் அனுப்புகிற ஒருவர் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

எங்களிடம் படிக்கிற பிள்ளை ஒன்றின் தாய் பனையோலைப் பெட்டியும் குட்டானும் இழைக்கிறவர். கணவர் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் கலியாண வீடுகளுக்கென்று அவரிடம் பெட்டி வாங்குவார். அண்மையில் தாய் சுங்கப் படிவத்தோடு எங்களிடம் வந்தார். "கிஃப்ட் எண்டு எழுதித் தாங்கோ, அப்பத்தான் வரி இல்லையாம்" என்றார். காசு வாங்கி விற்கிற சாமானை அன்பளிப்பு என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. எழுதவில்லை. அந்த ஓடரும் போய்விட்டது. எழுதாதது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறோம். ஆனால் ஒரு நேர்மையான தொழிலாளியை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்ற கேள்வி எங்களை விடவில்லை.

கதை பழையது. 1874 இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் நாடுகள் கூடி உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்டன. இலங்கை 1877 இலேயே அதில் சேர்ந்துவிட்டது. அன்றைய ஏற்பாடு எளிமையானது. முத்திரைக் காசை அனுப்புகிற நாடு வைத்துக்கொள்ளும். வருகிற கடிதத்தைப் பெறுகிற நாடு இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், கணக்குச் சமனாகும் என்று நினைத்தார்கள். அப்படிச் சமனாகவில்லை. 1969 இல் தோக்கியோ மாநாட்டில், கூடுதலாக அனுப்புகிற நாடு பெறுகிற நாட்டுக்கு ஒரு தொகை கட்டவேண்டும் என்று முடிவாயிற்று. பின்னாளில் அந்தத் தொகை வளரும் நாடுகளுக்குக் குறைவாக வைக்கப்பட்டது.

இதற்கும் குட்டானுக்கும் என்ன சம்பந்தம்? 2 கிலோவுக்கு உட்பட்ட சின்னப் பொதி அஞ்சல் விதிப்படி பார்சல் அல்ல. அது கடித வகுப்பைச் சேர்ந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. எந்தப் பக்கமும் 60 ஐத் தாண்டக்கூடாது. இந்த அளவுக்குள் அடங்கினால் கடிதம் போகிற பாதையில், கடிதத்துக்குரிய கட்டண முறையில் போகும். ஏழைக்கு உலகச் சந்தையில் கிடைத்த ஒரே திறந்த கதவு இதுதான்.

அதே கதவால் சீனாவின் இணையக் கடைகளும் கோடிக்கணக்கில் பொதிகளை அனுப்பின. சீனாவிலிருந்து வருகிற பொதிக்கு உள்ளூரில் அனுப்புகிற பொதியைவிடச் செலவு குறைகிறது என்று அமெரிக்கா கொதித்தது. ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்று 2018 ஒக்ரோபரில் அறிவித்தது. 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் அவசர மாநாடு கூடி, சின்னப் பொதிக்கான விநியோகக் கட்டணத்தை ஒவ்வொரு நாடும் படிப்படியாகத் தானே நிர்ணயிக்க இடம் கொடுத்தது. அதிலும் ஒரு நியாயம் இருந்தது. மிகக் குறைந்த அளவில் அனுப்புகிற வளரும் நாடுகளுக்கு விலக்கு வைத்தார்கள். சின்னவனையும் பெரியவனையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு சுங்கம் வந்தது. அங்கே அந்தப் பிரிவினை இல்லை. 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த வற் வரி விலக்கை எடுத்தது. பிரித்தானியா அந்த வருடம் ஜனவரியிலேயே தனது 15 பவுண் விலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டொலர் வரை இருந்த தீர்வை விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார் அறவிடுவது, எப்படிக் கட்டுவது என்றே தெளிவில்லாமல் இந்தியா உட்பட 80 இற்கு மேற்பட்ட அஞ்சல் நிர்வாகங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஒரு கிழமைக்குள் அமெரிக்காவுக்கான அஞ்சல் 80 வீதத்துக்கு மேல் விழுந்ததாக உலக அஞ்சல் ஒன்றியமே சொன்னது.

"சீனாச் சாமானை அடைக்கத்தானே செய்தார்கள், நல்லதுதானே" என்று எங்களோடு கதைத்த நண்பர்கள் பலர். நெல்லியடிச் சந்தியில் கடை வைத்திருக்கிறவரின் கவலை எங்களுக்கும் விளங்கும். ஆனால் அடைபட்டது யார் என்று பாருங்கள். பெரிய கம்பனி கொள்கலனில் சாமானை ஏற்றி, அந்த நாட்டிலேயே களஞ்சியம் எடுத்து, அங்கிருந்து விற்கிறது. வரிக்கு அவனிடம் கணக்காளர் இருக்கிறார், சட்டத்தரணி இருக்கிறார். ஓலை இழைக்கிற தாய்க்குக் களஞ்சியம் அவருடைய விறாந்தை. மாட்டுக்குப் போட்ட வேலியில் கோழிக்குஞ்சு சிக்கியிருக்கிறது.

"கூரியரில் போடலாமே" என்கிறார்கள். கூரியர் கூலி பெட்டியின் விலையையே விழுங்கிவிடும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்தான் அப்படிச் சொல்லலாம்.

"கிஃப்ட் எண்டு போடுங்கோ, ஆர் பாக்கப் போகினம்" என்பது மூன்றாவது பதில். இதில் குற்றவாளி நாங்களேதான். ஒருவருக்கு ஒருவர் அனுப்புகிற உண்மையான அன்பளிப்புக்கு இன்றும் விலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 100 டொலர், கனடாவில் 60 கனேடிய டொலர், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரித்தானியாவில் 39 பவுண். பேத்திக்குச் சட்டை தைத்து அனுப்புகிற அம்மம்மாவுக்காக வைத்த சலுகை அது. வியாபாரத்தை அதற்குள் ஒளித்தால், நாளைக்கு அந்த அம்மம்மாவின் பொதியையும் சந்தேகத்தோடு பிரிப்பார்கள். அளவையில் குறைக்காதே என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிவிட்டு, படிவத்தில் பொய் எழுத முடியாது.

விதியில் இடமே இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். பார்வையற்றோருக்கான பிரெயில் நூல்களை அஞ்சல் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம் என்று இதே ஒன்றியத்தின் விதி சொல்கிறது. புத்தகங்களை மொத்தமாக ஒரே முகவரிக்கு அனுப்பத் தனிப் பை முறை இருக்கிறது. மனம் இருந்த இடத்தில் இடமும் இருந்திருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று.

முதலாவது, தபால் திணைக்களத்திடம். எந்த நாட்டுக்கு என்ன அனுப்பலாம், எவ்வளவு வரை விலக்கு, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு தபால் கந்தோரிலும் ஒட்டுங்கள். வரியை அனுப்பும்போதே கட்டிவிடுகிற முறையை உலக அஞ்சல் ஒன்றியம் 2025 செப்டெம்பரில் அறிவித்திருக்கிறது. அது எங்கள் சிற்றூர்க் கந்தோர் யன்னல்வரை வரவேண்டும். 2022 ஆகஸ்டில் உள்நாட்டுக் கடிதக் கட்டணத்தை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக்கியபோது சனம் பொறுத்துக்கொண்டது. அந்தப் பொறுமைக்கு ஒரு பதில் தாருங்கள்.

இரண்டாவது, வர்த்தகப் பேச்சுக்குப் போகிற எங்கள் அரசிடம். ஆடைத் தொழிற்சாலைகளுக்காக வாதாடுகிற அதே மேசையில், கையால் செய்த சிறு பொருளுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு எல்லை வைத்து விலக்குக் கேளுங்கள். ஜெனீவாவில் சின்னவனுக்கு இடம் வைக்க முடிந்ததென்றால் சுங்கத்திலும் முடியும்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சொந்தங்களிடம். பொய் எழுதச் சொல்லாதீர்கள். நாலு குடும்பம் சேர்ந்து வாங்குங்கள், உண்மை விலையைப் போடச் சொல்லுங்கள், வரியை நீங்கள் கட்டுங்கள். ஒரு நேர உணவகச் செலவுதான் வரும்.

அந்தத் தாய் இழைத்த பெட்டிகள் இன்னும் அவருடைய வீட்டு மூலையில் அடுக்கியிருக்கின்றன. அடுத்த முறை அவர் படிவத்தோடு வரும்போது "விற்பனைப் பொருள்" என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு, உண்மை விலையை எழுதி, அப்படியும் அந்தப் பொதி போய்ச் சேரும் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.