"நாப்பது நிமிஷம் என்ன பேச்சு?"

"வக்கீலோட நாப்பது நிமிஷம் என்னடி பேச்சு?" குழாயடியில் வழிமறித்து இப்படிக் கேட்டிருக்கிறான் ஒருவன். கேட்டவன் முதல் குற்றவாளியின் மைத்துனன். கேட்கப்பட்டவர் அந்த வன்கொடுமை வழக்கின் நேரடி சாட்சி. முந்தைய நாள் இரவு எங்கள் வழக்கறிஞரோடு அவர் போனில் பேசியது உண்மை. நாற்பது நிமிடம் பேசியதும் உண்மை. கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கையும் அணைத்துவிட்டுப் பேசியிருக்கிறார். அவர் போனையோ வழக்கறிஞர் போனையோ யாரும் தொடவில்லை. அவனுக்கு எப்படித் தெரிந்தது?

எந்தக் கை அந்தத் தாளைக் கொடுத்தது என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அது எந்தத் தாள் என்று தெரியும். சி.டி.ஆர். என்பார்கள், அழைப்பு விவரப் பதிவேடு. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவரின் கீழ் நின்று என்று எல்லாம் அதில் இருக்கும். என்ன பேசினோம் என்பது மட்டும் இருக்காது. சாட்சியை மிரட்ட அதுவா வேண்டும்? யாரோடு பேசினாய் என்பது போதும்.

ஒட்டுக் கேட்பதைப் பற்றித்தான் நம் தோழர்கள் எப்போதும் பேசுகிறார்கள். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைத் திட்டுவார்கள், 1996இல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகளைச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பின்படி பேச்சைக் கேட்க உள்துறைச் செயலர் உத்தரவு வேண்டும். பதிவேட்டை வாங்க அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. அதைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். நம் சாட்சிகளின் இரண்டு ஆண்டுப் பேச்சுக் கணக்கு யாருடைய அலமாரியிலோ கிடக்கிறது. அந்த அலமாரியைத் திறக்கும் அலுவலகங்களில் சாதி இல்லை என்று நம்புகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

சாதி மறுத்து மணம் முடித்து ஓடிவரும் பிள்ளைகளைக் கேளுங்கள். "பொண்ணைக் காணோம்" என்று ஒரு புகார் கொடுத்தால் போதும், மறுநாள் காலை டவர் லொக்கேஷன் கிடைத்துவிடுகிறது. போலீஸ் வண்டி வருவதற்கு முன்பே சொந்தக்காரர்களின் கார் வந்து நிற்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். இதே விஞ்ஞானம் 2015இல் எங்கே போயிற்று? கோகுல்ராஜ் கொலைக்குப் பிறகு யுவராஜ் நூறு நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்தான். வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டுக்கொண்டே இருந்தான். ஊரே கேட்டது. கடைசியில் அக்டோபரில் அவனாகத்தான் வந்து சரணடைந்தான். டவருக்குச் சாதி தெரியாதுதான். பட்டனை அழுத்தும் விரலுக்குத் தெரியும்.

"அதான் வாட்ஸ்அப் காலில் பேசுகிறோமே" என்கிறார்கள். நல்லது. பேச்சு பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால் யார் யாரை அழைத்தார்கள் என்ற கணக்கு சிம் முதலாளியிடமிருந்து மெட்டா முதலாளியிடம் போகிறது, அவ்வளவுதான். அதை விடுங்கள், நம் குழுக்களைப் பாருங்கள். மாவட்டச் செயலாளர் பெருமையாக ஒரு குழு தொடங்கி, பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் சாட்சிகளையும் அதில் சேர்ப்பார். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். இருநூறு பேரில் ஒருவன் விலை போனால் போதும், ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் முழுப் பட்டியலும் எதிர்த் தரப்புக்குப் போய்விடும். இதைச் செய்தது மெட்டா அல்ல. நாம்தான்.

2019இல் நடந்ததையும் மறந்துவிட்டோம். வாட்ஸ்அப்பின் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பெகாசஸ் உளவு மென்பொருள் உலகம் முழுவதும் சுமார் 1,400 பேரின் போன்களைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்கக்கூட வேண்டாம், மணி அடித்தால் போதும். இந்தியாவில் குறிவைக்கப்பட்டவர்களில் ஆனந்த் தெல்தும்டேவும் ஒருவர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று, ஆம், அண்ணல் பிறந்த அதே நாளில், அவர் பீமா கோரேகான் வழக்கில் சரணடைய வேண்டியிருந்தது. கட்டற்ற மென்பொருள் வைத்திருந்தால் பெகாசஸ் வராது என்று நாங்கள் சொல்லவில்லை. போனே வசப்பட்டுவிட்டால் எந்த ஆப்பும் காப்பாற்றாது. ஆனால் மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அதன் முதலாளி சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூலநிரல் திறந்து கிடந்தால் முதலாளி அல்லாதவர்களும் பார்க்கலாம். "அரட்டை நம்ம ஊர் ஆப்தானே" என்று ஒரு தம்பி கேட்டார். ஊர் என்றால் எந்த ஊர், தம்பி? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் தெருவை நாம் மறக்க முடியுமா? நம்ம ஊரில் செய்தது என்பதற்காகப் பூட்டின் சாவி நம் கைக்கு வந்துவிடாது.

எங்கள் குழுவில் இப்போது இரண்டு வழிகள் வைத்திருக்கிறோம். ஒருவரோடு ஒருவர் பேச சிக்னல். அதைத் தொடங்க போன் எண் வேண்டும், அது ஒரு குறை. ஆனால் 2024 முதல் பயனர் பெயர் வைத்துக்கொண்டு எண்ணை மறைத்துக்கொள்ளலாம். அது தன்னிடம் வைத்திருப்பதே மிகக் குறைவு. 2016இல் அமெரிக்க அரசு கேட்டபோது கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை.

கூட்டாகப் பேச ஜிட்சி. ஒரு இணைப்பை அனுப்பினால் போதும், உலாவியில் திறக்கும். எண் வேண்டாம், ஆதார் வேண்டாம், 'மல்லி' என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே வரலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்ட் முதல் கூட்டத்தைத் தொடங்குகிறவர் கூகுள், பேஸ்புக் போன்ற ஒரு கணக்கில் நுழைய வேண்டும். மேலும், மூன்றாவது ஆள் சேர்ந்ததும் பேச்சு சர்வர் வழியாகப் போகிறது. சர்வர் யாருடையதோ அவரை நம்பியாக வேண்டும். அதனால் சொந்த சர்வரில் நிறுவியிருக்கிறோம். மென்பொருளுக்குக் காசில்லை. சர்வர் வாடகை, ஒரு ஆர்ப்பாட்டத்துக்கு வேன் பிடிக்கும் செலவைவிடக் குறைவு. எங்கள் பொறியியல் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்தார்கள்.

இதெல்லாம் புதுசா? 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழ் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அண்ணல் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கினார். அடுத்தவன் பத்திரிகையில் ஒரு பத்தி இடம் கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. நாமோ அடுத்தவன் கம்பிக்குள்ளேயே ரகசியம் பேசுகிறோம்.

எதிர்க் கேள்விகள் நியாயமானவை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தை வெட்டினார்கள். அப்படிப்பட்ட நாளில் ஜிட்சியும் இல்லை, சிக்னலும் இல்லை. சாதாரண போன்தான். அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் எது கையில் இருக்கிறதோ அதில் கூப்பிடுங்கள். பட்டன் போன் மட்டுமே வைத்திருக்கும் ஆத்தாக்களுக்கு என்ன வழி? காலனிக்கு ஒரு பொது ஸ்மார்ட் போன், அதுவும் ஒரு பெண்ணின் கையில். இதுவும் முழு விடை இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு "எல்லோரும் சிக்னலுக்கு மாறுங்கள்" என்று எழுதும் தொழில்நுட்பத் தோழர்கள் ஒரு தடவை மழைக்காலத்தில் எங்கள் காலனியில் சிக்னல் பிடித்துக் காட்டட்டும். இரண்டு சிக்னலையும்தான்.

நேரமும் அதிகமில்லை. 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், அரட்டை போன்ற ஆப்கள் போனில் செருகியிருக்கும் சிம்மோடு கட்டப்பட்டே இயங்க வேண்டுமாம். சைபர் மோசடியைத் தடுக்கவாம். மோசடிக்காரனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சிம் என்றால் அடையாள அட்டை, அடையாள அட்டை என்றால் அப்பன் பெயர், முகவரி, தெரு. எந்தத் தெரு என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். எண்ணே கேட்காத, நாமே நடத்துகிற சர்வரை இப்போதே பழகிவைக்கச் சொல்வது இதனால்தான்.

குழாயடியில் மிரட்டப்பட்ட அக்காவுக்கு அடுத்த மாதம் சாட்சி விசாரணை. போன வாரம் அவர் மகள் போனில் ஜிட்சியைத் திறந்து வழக்கறிஞரோடு பேச வைத்தோம். இரண்டு முறை துண்டித்துத் துண்டித்து வந்தது. பேசி முடித்ததும் கேட்டார்: "தம்பி, இதுல பேசினது அவனுக்குத் தெரியாதா?"

"நெட்டு ஓடுனது கம்பெனிக்குத் தெரியும்க்கா. யாரோட, எவ்வளவு நேரம் பேசுனீங்கன்னு சி.டி.ஆர்.ல வராது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நாளைக்கும் இதுலயே கூப்பிடு. அன்னைக்குப் பயந்து சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு" என்றார்.