தண்ணீருக்குள் ஒரு மஸ்கெலியா



மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் போனால் இறங்குவது புது டவுனில். "பழைய டவுன் எங்கே உம்மா?" என்று பிள்ளைகள் கேட்டால் தண்ணீரைத்தான் காட்டவேண்டும்.

பாவா ஆதம் மலைப் பக்கமிருந்து இறங்கிவரும் மஸ்கெலி ஓயாவின் கரையில் இருந்தது அந்த டவுன். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். சம்பள நாளில் லயத்துச் சனம் முழுவதும் அங்கேதான். அரிசி, கருவாடு, புடவை என்று எங்கள் ஆட்களின் கடைகளும் இருந்தன. கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்துச் சம்பளத்தன்று கழிப்பார்கள்.

இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். லக்ஷபான மின்நிலையம் 1950இல்தான் வேலை செய்யத் தொடங்கியது. பக்கத்துக் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை 1965இல் வந்தது. 1969இல் மவுசாக்கலை அணை. டவுன் மேட்டுக்கு ஏறியது, பழையது மூழ்கியது.

வெளிச்சம் கொழும்புக்குப் போனது. அணையைச் சுற்றியிருந்த லயங்கள் பலவற்றில் அதன் பிறகும் எத்தனையோ வருடம் குப்பி லாம்புதான். அந்தப் புகையில் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வரட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டடங்கள் தலைகாட்டும். பள்ளிவாசல், கோயில், புத்தர் ஆலயம் மூன்றின் மிச்சங்களும் சேற்றுக்குள்ளிருந்து எழும். அப்படியொரு பங்குனி மாதம் மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். மணமகளாக அந்த டவுனுக்கு வந்தவர் அவர். படம் எடுக்க வந்த இளசுகள் செருப்போடு பள்ளிவாசல் சுவரில் ஏறி நின்றார்கள். மாமி ஏசவில்லை. "மகன், இது தொழுத இடம்" என்றார். அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

காசல்ரீ பக்கம் துரைமாரின் பழைய பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாகிவிட்டன. நல்ல பராமரிப்பு, குறை சொல்வதற்கில்லை. துரை வீடு தப்பியது. கடைக்காரன் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாமி வெகுநேரம் தேடினார். கடைசியில் ஒரு கல்லைக் காட்டி, "இதுதான் எங்கள் வாசல்படியாக இருக்கும்" என்றார். உண்மையில் அதுதானா என்று நான் கேட்கவில்லை. வைகாசியில் மழை பிடித்தது, அதுவும் மூடிப்போயிற்று.