ஸ்டீராய்டு மருந்தும் அங்கத்தினர் கேட்க வேண்டிய கேள்விகளும்

நெசவுக்கும் வேளாண்மைக்கும் உரிய இவ்விதழில் வைத்திய விஷயம் எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். நூல், சாயம், விதை, உரம், கடன், விலை ஆகியவற்றைக் குறித்து எழுதுவதே நமது முதற் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நாடாவை வீசும் கையும் வயலில் இறங்கும் காலும் முடங்கிப் போகுமாயின், கிடங்கில் நூல் இருந்தும் பயனில்லை. களஞ்சியத்தில் விதை இருந்தும் பயனில்லை. அங்கத்தினரின் உழைப்பே சங்கத்தின் மெய்யான மூலதனம். அதனைக் காக்கும் விஷயத்தில் இரண்டொரு வார்த்தை கூறுவது நமது வரம்பைக் கடந்ததாகாது எனக் கருதுகிறோம்.

மூட்டு வலி என்பது நெசவாளர்க்கும் விவசாயிக்கும் புதியதன்று. ஆனால் எல்லா மூட்டு வலியும் ஒன்றன்று. உழைப்பினாலும் முதுமையினாலும் மூட்டுத் தேய்வதால் உண்டாகும் வலி, வேலை செய்யச் செய்ய மிகும், ஓய்வெடுத்தால் தணியும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறானது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ விரல்கள் மடங்காமல் விறைத்து நிற்கும். இரு கைகளிலும் சிறு மூட்டுகள் ஒரே மாதிரியாக வீங்கும். ஓய்வினால் தணியாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒரே மாத்திரையை விழுங்குவதிலிருந்தே பல தொல்லைகள் தொடங்குகின்றன.

முடக்குவாதம் எதனால் வருகிறது? நமது உடலில் நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென இயற்கை ஒரு காவற்படையை அமைத்துள்ளது. அப்படை சிலருடைய உடலில், தன்னவர் யார், அயலவர் யார் என்று பிரித்தறியும் ஆற்றலை இழந்து, உடலின் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்குகிறது. இவற்றைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். மூட்டின் உட்சவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளை ஒருங்கே தாக்கினால் லூபஸ். ஆஸ்துமாவின் காரணம் வேறாயினும், அழற்சி என்பது அதற்கும் பொது. இவை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவன அல்ல. ஆதலின் நோயாளியின் பாயையும் பாத்திரத்தையும் ஒதுக்கி வைப்பது அறியாமை. முடக்குவாதம் ஆண்களைக் காட்டிலும் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. புகை பிடிப்பது அதற்கு இடந்தரும் காரணங்களுள் ஒன்று என்பதும் தெளிவாகியுள்ளது.

இனி மருந்தைப் பற்றிச் சொல்வோம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய டாக்டர் பிலிப் ஹென்ச் என்பார், முடக்குவாதத்தால் வருந்தும் பெண்கள் கருவுற்ற காலத்தில் வலி நீங்கியிருப்பதையும், மஞ்சள் காமாலை கண்டவர்க்கும் அவ்வாறே வலி தணிவதையும் பல்லாண்டுகள் கவனித்து வந்தார். 1948-ம் ஆண்டு செப்டம்பரில், அவருடைய சக ஊழியர் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த பொருள், படுக்கையில் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு ஊசி வழியே செலுத்தப்பட்டது. சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். அப்பொருளே கார்ட்டிசோன். 1950-ல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் அம்மருந்து மாட்டின் பித்த நீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்யப்பட்டமையால், ஏழைகளுக்கு எட்டாக் கனியாக இருந்தது. பின்னர் மெக்சிகோ நாட்டுக் காடுகளில் விளையும் ஒரு வகை வள்ளிக்கிழங்கின் சத்திலிருந்தும், ஒரு சாதாரணப் பூஞ்சணத்தின் துணையினாலும் அதைச் செய்யும் வழி 1952-ல் வெளியாயிற்று, விலையும் வீழ்ந்தது. மண்ணில் விளைந்த கிழங்கு மனிதனின் முடக்கத்தை நீக்க உதவிய இச்செய்தி நமது விவசாய அங்கத்தினர்க்கு உவப்பளிக்கும். ஆனால் விலை மலிந்த மருந்து எளிதில் எவர் கைக்கும் வருமாதலின், அதனால் விளையும் தீங்கும் மலிந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இன்று முடக்குவாதத்திற்குப் பெரும்பாலும் வழங்கப்படுவது பிரெட்னிசொலோன் என்னும் மாத்திரை. இது கார்ட்டிசோனின் வழி வந்தது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் நாள்தோறும் இவ்வினத்தைச் சார்ந்த ஒரு பொருளைத் தாமே சுரக்கின்றன. அதன் அளவு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு ஈடாகும். வெளியிலிருந்து மாத்திரை வரத் தொடங்கினால் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டவர் திடீரென நிறுத்துவாராயின், மாத்திரையும் இல்லை, சுரப்பும் இல்லை என்னும் நிலை உண்டாகும். மிகுந்த சோர்வு, தலைசுற்றல், வாந்தி, இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியவை நேரும். உயிருக்கே ஆபத்தும் வரலாம். ஆதலின் மூன்று வாரங்களுக்கு மேற்பட்டு உட்கொண்டவர் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். அடிக்கடி விட்டுவிட்டு உட்கொண்டவர்க்கும் இது பொருந்தும்.

கடனைப் பற்றி அறிந்த நம் அங்கத்தினர்க்கு இதனை விளக்குவது அரிதன்று. பயிர்க்கடன் கெட்டதன்று, விதைக்கும் வேளையில் அதுவே கைகொடுக்கிறது. ஆனால் எதற்காக வாங்குகிறோம், எவ்வளவு, எந்தத் தவணையில் அடைப்போம் என்று கேளாமல் வாங்கிய கடன் குடும்பத்தையே மூழ்கடிக்கும். ஸ்டீராய்டும் அத்தகையதே. நோய் உச்சத்தில் நிற்கையில் அது மூட்டையும், சில வேளை சிறுநீரகத்தையும் கண்ணையும் காக்கிறது. 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரும் ஆராய்ச்சியொன்றில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதற்கு மறு ஆண்டே, சர்க்கரை கட்டுப்படாதவர்களிடம் ஸ்டீராய்டு அளவின்றிக் கையாளப்பட்ட இடங்களில் கருப்புப் பூஞ்சை நோய் பரவி, பலர் கண்ணையும் உயிரையும் இழந்ததை நம் நாடு கண்டது. மருந்து ஒன்றுதான்; கையாண்ட விதமே வேறு. ஆகவே ஸ்டீராய்டை நஞ்சென்று அஞ்சி ஓடுவாரோடும் நாம் சேர்வதற்கில்லை; அமுதமென்று கொண்டாடுவாரோடும் சேர்வதற்கில்லை.

அதற்குரிய வட்டியையும் சொல்லிவிடுவோம். நெடுநாள் உட்கொண்டால் முகம் உப்பும், உடல் பருக்கும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு வலுவிழக்கும், கண்ணில் புரை விழும், சிலர்க்குத் தொடையெலும்பின் தலைப்பகுதி இரத்தவோட்டமின்றிச் சிதையும். உடலின் காவற்படை அடங்குவதால், உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தெழவும் கூடும். விவசாயிகள் மற்றொன்றையும் அறிய வேண்டும். வெறுங்காலுடன் மண்ணில் நடப்பவரின் தோல் வழியே ஒருவகை நுண்புழு உட்புகுந்து, பல ஆண்டுகள் குடலில் தங்கியிருப்பதுண்டு. ஸ்டீராய்டு உட்கொள்வோரிடம் அப்புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைக் குடிக்கவும் வல்லது. தொடங்குமுன் டாக்டரிடம் இதனைச் சொல்லி, வேண்டின் புழு மருந்து பெறுவது நன்று.

இத்துணைக்குப் பிறகும் நாம் பெரிதும் கவலைப்படுவது மருந்தைப் பற்றியன்று. கேளாமல் உட்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியே. பண்டிகைக் கால ஆர்டர் முடியும்வரை கை ஓடினால் போதும் என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவோர் உளர். பெயரும் சீட்டும் இல்லாத பொட்டலங்களை, மூன்றே நாளில் வலி தீரும் என்ற சொல்லை நம்பி வாங்குவோரும் உளர். இத்தகைய பொட்டலங்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. பதிவு பெற்ற சித்த வைத்தியரை நாம் குறை கூறவில்லை. உள்ளே இருப்பது இன்னதெனச் சொல்ல மறுப்பவரையே சொல்கிறோம். பிரெட்னிசொலோன், டாக்டரின் சீட்டின்றி விற்கலாகாத மருந்து. முகத்தை வெளுக்கச் செய்யுமென விற்கப்பட்ட ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றையும் 2018-ல் மத்திய அரசு அப்பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருந்தும், வாங்குவோர் விழிப்பாக இல்லாவிடில் பயனென்ன?

டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இக்கருத்தை நாம் ஏற்கவில்லை. சங்கத்தின் மகாசபையில் வரவு செலவைக் குறித்து வினவும் அங்கத்தினர் தலைவரை அவமதித்தவராவாரா? கேட்பது உரிமை, அடக்கத்தோடு கேட்பது பண்பு. அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் மிகுதி, டாக்டருக்கு நேரமில்லை என்பதும் உண்மையே. அதனாலேயே கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிச் செல்ல வேண்டும் என்கிறோம். அவை ஐந்துதான்.

முதலாவது, என் நோயின் பெயர் யாது? இரண்டாவது, இம்மருந்துகளில் ஸ்டீராய்டு எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள்? மூன்றாவது, வலியை அடக்குவதோடு நில்லாமல் நோயின் போக்கையே மாற்றும் மருந்து எனக்கு எது? நான்காவது, தொடங்குமுன்னும் இடையிலும் எந்தெந்தப் பரிசோதனைகள் வேண்டும்? ஐந்தாவது, எவ்வாறு குறைப்பது. இடையில் காய்ச்சலோ விபத்தோ அறுவைச் சிகிச்சையோ நேர்ந்தால் என் செய்வது?

இவற்றுள் மூன்றாவது கேள்வியே தலையாயது. முடக்குவாதத்தில் ஸ்டீராய்டு ஓர் இடைக்காலத் துணை மட்டுமே. மூட்டு சிதையாமல் தடுக்கும் பொறுப்பு மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைச் சார்ந்தது. அவை வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஸ்டீராய்டு தாங்கி நிற்கும். எத்துணை விரைவில் இம்மருந்தைத் தொடங்குகிறோமோ அத்துணை நன்மை. ஆனால் ஓர் எச்சரிக்கை: முடக்குவாதத்திற்கு மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத் தக்கது. நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எழுதப் படிக்க அறியாத அங்கத்தினர் வீட்டில், அந்த நாள் எதுவென்று காலண்டரில் குறித்துக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை. கருவுற்ற பெண்களும், கருவுற எண்ணும் பெண்களும் இதனை உட்கொள்ளலாகாது.

ஆஸ்துமாவுக்கு இழுத்துச் சுவாசிக்கும் ஸ்டீராய்டைக் கண்டு அஞ்சி நிறுத்துவோர்க்கு ஒரு வார்த்தை. அதன் அளவு மைக்ரோகிராம் கணக்கில் அடங்குவது. நேரே நுரையீரலைச் சேர்வது. உபயோகித்த பின் வாயைக் கொப்பளித்தால் போதும். மாத்திரைக்குரிய அச்சத்தை இதன்மேல் ஏற்றுதல் தகாது.

சங்கம் வைத்தியத்தில் தலையிடலாமா என்று கேட்பவர்க்கு நமது விடை இது: எந்த மருந்தையும் சிபாரிசு செய்வது சங்கத்தின் வேலையன்று, செய்யவும் கூடாது. ஆனால் மூன்று காரியங்களை எளிதில் செய்யலாம். மேற்கண்ட ஐந்து கேள்விகளை அச்சிட்டு, கூலியும் கடனும் வழங்கும் நாளில் அங்கத்தினர்க்குக் கொடுக்கலாம். ஆண்டுக்கொரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கூட்டத்திற்கு அழைத்து, அங்கத்தினரின் ஐயங்களைத் தீர்க்கச் செய்யலாம். நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஒவ்வொருவரும் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி ஆகியவற்றைக் குறித்த சீட்டைப் பாஸ் புத்தகத்தோடு வைத்திருக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். மயங்கி விழுந்தவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றாலும், அச்சீட்டு பேசும். தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வீடு தேடி வருகையில், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்வதற்குச் செலவேதுமில்லை.

இவற்றுக்குப் பெரும் நிதி வேண்டுவதில்லை. நிர்வாகக் குழுவினரின் மனம் வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொணர வேண்டுமென ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். அதற்கிடையில், இன்று மாத்திரை உட்கொண்டுவரும் அங்கத்தினர்க்கு நாம் வற்புறுத்திக் கூறுவது ஒன்றே: இக்கட்டுரையைப் படித்து அஞ்சி, நாளைக் காலையில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு, உங்கள் டாக்டரிடம் செல்லுங்கள்.