காக்கையும் காப்பித் தோட்டமும்

பசிபிக் மகா சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவிற்கே உரியதாக அலலா என்றொரு காக்கை ஜாதி உண்டு. அலலா என்னும் சொல்லுக்கு அந்நாட்டுப் பாஷையில் குழந்தை போல் வீறிட்டு அழுதல் என்றும் பொருள் சொல்லுவர். 2002-ம் வருஷத்துக்குப் பின் அத்தீவின் காடுகளில் இயற்கையாய் வாழ்ந்த அலலா ஒன்றேனும் காணப்படவில்லை. இதில் நிலமுடையோருக்குள்ள பங்கு மிராசுதார்கள் யோசிக்கத் தக்கது.

1890-ம் வருஷத்தை அடுத்த காலத்தில் கோனா மலைச் சரிவுகளில் காப்பியும் பழமரமும் பயிரிட்டோர், இப்பட்சியைப் பயிருக்குச் சத்துரு என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தலாயினர். காக்கை கொத்திய பழம் கண்ணுக்குத் தெரிந்தது. அது காட்டில் செய்த வேலை தெரியவில்லை. அலலா காட்டுப் பழங்களைத் தின்று விதைகளைப் பல இடங்களில் பரப்பும். ஹோஆவா என்னும் மரத்தின் கெட்டியான காய்களைக்கூட அலகினால் பிளந்து விதைகளை எடுத்துச் செல்லும். கூலியின்றி வனத்தில் நாற்று நட்ட ஆளைத் தோட்டக்காரர் துப்பாக்கியால் சுட்டனர் என்றே சொல்ல வேண்டும். செலவை மட்டும் எழுதி வரவை எழுதாத கணக்கை எந்தக் கர்ணமும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஆயினும் குற்றம் முழுவதும் துப்பாக்கியினுடையதன்று. 1793-ல் வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் அத்தீவின் அரசருக்கு மாடுகளைக் கொணர்ந்து அளித்தார். அவை கட்டுக்கடங்காமல் பெருகிக் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்தும் மிதித்தும் அழித்தன. அடிப்புதர் ஒழியவே, பருந்து கண்டால் காக்கை ஒளிந்துகொள்ள மறைவில்லாது போயிற்று. கப்பல்கள் வழியே வந்த கொசு, பட்சிகளுக்கு மலேரியாவைப் பரப்பிற்று; பூனைகளாலும் ஒரு வியாதி தொற்றியது. நம் நாட்டுக் கீரியும் இதில் சேர்ந்ததுதான் வேடிக்கை! 1872-ல் இந்தியாவிலிருந்து ஜமெய்க்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட கீரியின் வம்சத்தை, 1883-ல் கரும்புத் தோட்டக்காரர் எலியைத் தின்னுமென நம்பி ஹவாய்க்கு வரவழைத்தனர். எலி இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது. எலி ஒழியவில்லை, பறவைகளின் முட்டையும் குஞ்சுமே அகப்பட்டன.

அழித்த பின் மீட்பது எவ்வளவு சிரமம் என்பதையும் கவனிக்கவேண்டும். மனிதர் காவலில் வளர்க்கப்பட்ட சுமார் 30 பட்சிகளை 2016 முதல் 2019 வரை மீண்டும் காட்டில் விட்டனர். கூட்டில் பிறந்தவற்றுக்கு அத்தீவின் பருந்து சத்துரு என்று தெரியாதாகையால், விடுமுன் அதைக் கண்டு அஞ்சும்படி பயிற்சியும் கொடுத்தனர். தாய்க் காக்கை செலவின்றிக் கற்பிக்கும் பாடம் இது! அப்படியும் பல மாண்டன. மிஞ்சிய ஐந்தை 2020-ல் பிடித்துத் திரும்பக் காவலில் வைத்தனர். நூற்றுக்குச் சற்று அதிகமானவையே இந்த ஜாதியில் எஞ்சியுள்ளன. அப்பருந்து குடியிராத மாவீ என்னும் பக்கத்துத் தீவின் காட்டில் 2024 நவம்பரில் ஐந்து பட்சிகள் விடப்பட்டிருக்கின்றன.