மழைக்கும் காரணம் உண்டு, மரத்துக்கும் காரணம் உண்டு

“பால்மரம் வெட்டுகிறவனுக்குப் பூகோளப் பாடம் எதற்கு? அமேசான் ஆறு எந்தத் திக்கில் ஓடினால் நமக்கென்ன?” என்று நம்மவரில் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. வயிற்றுப்பாட்டுக்கு உதவாத படிப்பு எதுவானாலும் உழைப்பாளிக்குச் சுமைதான். ஆனால் பூகோளம் அப்படிப்பட்ட படிப்பன்று. விடியற்காலையில் மழை கொட்டினால் அன்றைய வெட்டுப் போகிறது. இலையுதிர் காலம் வந்தால் மங்கில் பால் குறைகிறது. எங்கோ ஒரு நாட்டில் வரத்துப் பெருகினால் இங்கே விலை விழுகிறது. இவற்றை நாம் தலைவிதி என்கிறோம். பூகோளம் இவற்றுக்குக் காரணம் சொல்கிறது. காரணம் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். ஆகவே இன்று உலகப் படத்தைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

உலக உருண்டையின் நடுவில் ஓடுவதாகக் கொள்ளப்படும் கோடு பூமத்திய ரேகை. அதற்கு வடக்கே 10 பாகையும் தெற்கே 10 பாகையும் கொண்ட பட்டைதான் ரப்பர் மரத்துக்கு இயல்பான இடம். ஆண்டு முழுதும் வெப்பம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மழை, அதுவும் மாதந்தோறும் பரவலாகப் பெய்யும் மழை, இவை அந்த மரத்தின் தேவைகள். நம் தீபகற்பம் 1 பாகைக்கும் 7 பாகைக்கும் இடையில் அந்தப் பட்டைக்குள் அடங்கிக் கிடக்கிறது. நம் முன்னோர் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறி இங்கே வந்ததன் காரணம் இந்தக் கோட்டிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் மழை காணாத அந்தச் சீமைகளில் இந்த மரம் செழிக்காது. மரம் செழிக்கும் இடத்துக்கு மனிதர்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

மரமும் இந்த மண்ணுக்கு வந்தேறிதான். அதன் தாயகம் தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுக் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9, பேராக்கில் உள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் முதல் தோட்டம் போட்டார்.

அப்படியானால் தாயகமான பிரேசில் ஏன் இன்று ரப்பரில் முதலிடத்தில் இல்லை? அங்கே அந்த மரத்துக்கு ஒரு ஜென்மப் பகை உண்டு: இலையைக் கருக்கும் பூஞ்சண நோய். காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதால் நோய் எளிதில் தாவுவதில்லை. நிரை நிரையாக நெருக்கி நட்டால் தோட்டமே அழிகிறது. மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் தபாஜோஸ் ஆற்றங்கரையில் ஒரு நகரையே எழுப்பி, கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டி, ரப்பர் பயிரிட்டுப் பார்த்தார். 1945இல் அதைப் பிரேசில் அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். அந்த நோய் ஆசியத் தோட்டங்களில் பரவாததால்தான் தென்கிழக்காசியா வாழ்கிறது. அயல்நாட்டுச் செடிகளுக்கு அதிகாரிகள் விதிக்கும் தடை வீண் கெடுபிடியன்று. அது நம் சோற்றுக்குக் காவல்.

இனி மழைக்கு வருவோம். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் கொட்டுகிறது. நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் மதில்போல் நிற்பதால் மேற்குக் கரைக்கு அந்த வேகம் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தமிழகத்துக் கீழைக் கரைக்கு அடைமழை தருவதும் இதே பருவக்காற்றுத்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அதைச் சுமத்ராத் தீவின் மலைகள் தடுத்துக்கொள்கின்றன. ஆயினும் அந்தப் பருவத்தில் மலாக்கா நீரிணையில் இரவில் திரளும் மேகம் விடிவதற்குள் காற்றும் மழையுமாக மேற்குக் கரையில் பாய்வதுண்டு. அதற்குச் ‘சுமத்ரா’ என்றே பெயர். உளியை எடுக்கும் வேளை பார்த்து மழை வருகிறதே என்று நாம் நொந்துகொள்கிறோமே, அந்த மழைதான் இது.

விடிவதற்கு முன்னரே ஏன் வெட்டவேண்டும்? வெயில் ஏறினால் இலை வழியே நீர் வெளியேறுகிறது, பட்டையில் பால் குழாய்களின் அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. பட்டை நனைந்திருந்தாலோ பால் கோடு தவறி வழிந்து வீணாகிறது. ஆக, மரம் நமக்கு விட்டுவைத்திருப்பது சில மணி நேரம்தான். அந்த நேரத்தையும் மழை பறித்தால் நாளே போயிற்று.

ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்த மாதங்களில் மரம் இலையை உதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கிறது. அப்போது பால் சுண்டுகிறது. தாய்லாந்திலும் ஏறத்தாழ அதே சமயம். வரத்துக் குறையும்போது விலை ஏறுவது சந்தை வழக்கம். ஆனால் விலை ஏறும் வேளையில் நம் வாளி காலி. வாளி நிறையும் வேளையில் விலை இறக்கம்!

இங்கேதான் நாம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இவை எவையும் எதிர்பாராத விபத்துகள் அல்ல. எந்த மாதத்தில் மழை, எந்த மாதத்தில் இலையுதிர்வு என்பது வானிலை ஏடுகளிலும் இருக்கிறது, தோட்ட ஆபீஸ் ஏடுகளிலும் இருக்கிறது. நிர்வாகம் அதைக் கணக்கிட்டே வரவு செலவுத் திட்டம் போடுகிறது. அப்படியிருக்க, மழை பெய்தால் பிரட்டு இல்லை, பிரட்டு இல்லையேல் சம்பளம் இல்லை என்று தலைமுறை தலைமுறையாக அந்த நஷ்டத்தைத் தொழிலாளி முதுகில் ஏற்றியது எந்த நியாயம்? முன்கூட்டியே தெரிந்த நஷ்டம் தொழிலின் செலவு. தொழிலின் செலவைத் தொழில்தான் தாங்கவேண்டும். சம்பளப் பேச்சு எங்கு நடந்தாலும், தோட்டத்துக்காகட்டும், பங்குக்கு வெட்டுவோருக்காகட்டும், அயல்நாட்டிலிருந்து வந்து நம் அருகில் நின்று வெட்டும் தோழருக்காகட்டும், இந்த வாதமே முன் நிற்கவேண்டும்.

படம் மாறிவருவதையும் நாம் காணவேண்டும். 1988இல் மலேசியா 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் எடுத்தது. 2023இல் அது 4 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. இன்று தாய்லாந்து முதலிடத்திலும் இந்தோனேசியா அடுத்த இடத்திலும் நிற்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டும் வேகமாக வளர்ந்துவிட்டது. நம் மண்ணிலோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனை, பால்மரம் நின்ற இடங்களைப் பிடித்துக்கொண்டது. மரம் மாறியபோது வேலை மாறியது. வேலை மாறியபோது லயங்கள் காலியாயின. இந்த மாற்றத்தின் அறிகுறிகளை முன்பே படித்தறிந்த குடும்பங்கள் பிள்ளைகளை வேறு தொழிலுக்கு ஆயத்தப்படுத்தின. அறியாத குடும்பங்கள் வீடு காலிசெய்யும் கடிதம் வந்த பிறகே விழித்தன.

ஆகவே தோட்டத்துக் கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்ரோலில் வேலை நாளைப் பதிவதுபோல் மழை நாளையும் பிழையின்றிப் பதியுங்கள். நாளைய பேச்சுவார்த்தைக்கு அதுவே சாட்சி. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பூகோளப் புத்தகத்தை விரித்தால், விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். அவன் வரையும் அந்தக் கோட்டில்தான் நம் பாட்டன் வந்த வழியும், நாளை அவன் போகவேண்டிய வழியும் இருக்கின்றன.