வில்லை வைக்குமுன் வேலையைக் கேளுங்கள்

கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதியும்போது, தோட்டத்துப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "அம்மா, நீங்க என்ன வேலை செய்றீங்க?"

என் அம்மா ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். ஐம்பதைக் கடந்த வயதில் புரை எடுத்து வில்லை வைத்தார்கள். எதிர்மலையில் யார் ஏறுகிறார்கள் என்று லயத்து வாசலில் நின்றே பெயர் சொன்னார். கைக்கெட்டிய தளிருக்கும் முத்தல் இலைக்கும்தான் வித்தியாசம் பிடிபடவில்லை. "மலை தெரியுது, கொழுந்து தெரியலையே" என்றார். முத்தல் கலந்ததென்று கணக்கப்பிள்ளை நிறையில் கழித்தார். டவுனில் வாசிப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகே பழைய நிறை வந்தது.

சத்திரசிகிச்சையில் பிழை ஏதுமில்லை. இளவயதில் நம் கண்வில்லை தடித்தும் மெலிந்தும் தூரத்தையும் கிட்டத்தையும் மாறி மாறிப் பிடிக்கும். நாற்பதுக்குமேல் அந்த நெகிழ்வு குறைவதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். லண்டனில் 1949இல் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் பொருத்திய செயற்கை வில்லைக்கு அந்த நெகிழ்வு கிடையாது. இன்றும் வழக்கமாக வைக்கும் வில்லை ஒரே தூரத்தைத்தான் பிடிக்கும். பெரும்பாலும் அது தொலைவுக்கே.

கண் தசையோடு அசைந்து குவியும்படி செய்த வில்லைகளும் உண்டு. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற கிறிஸ்டலென்ஸ் அந்த வகை. இளங்கண்ணின் குவிப்பு அதிலும் முழுதாகக் கிடைப்பதில்லை. அதன் விலையோ நாட்சம்பளக்காரருக்கு எட்டாது. ஆகவே அதை நான் கேட்கவில்லை.

சாதாரண வில்லையின் வலுவையும் கண்ணை அளந்துதான் தெரிவு செய்கிறார்கள். ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மற்றதைக் கையெட்டும் தூரத்துக்கும் அமைக்க முடியும். ஆனால் அப்போது ஆழம் கணிப்பது சிலருக்குத் தடுமாறும். செங்குத்து மலையில் கூடையோடு இறங்குபவருக்கு அது ஆபத்து. அதனால்தான் வேலையைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறேன். மலையேறுபவருக்குத் தொலைவு வில்லையே பொருத்தம் என்றால், கிட்டத்துக்கான கண்ணாடியையும் சிகிச்சையோடு கொடுத்தனுப்ப வேண்டும்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளெழுத்துள்ள 751 தொழிலாளரிடம் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது.

கூடும் கொழுந்து தோட்டக் கம்பனிக்கும் இலாபம்தான். அந்தக் கண்ணாடிக்குக் கம்பனியும் பணம் கொடுக்கட்டும்.